ரெண்டுக்கும் ஆகிற பாத்திரம்

தேனி பஜாரில் ஒரு பாத்திரக் கடை. கடைக்காரர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எதுக்குக்கா?"

"சூப்புக்கு" என்றேன் நான்.

"ஜாமுக்கு" என்றாள் கனகா.

இரண்டு பதில்களும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வதைச் சொன்னார்.

"ரெண்டுக்கும் ஆகுற மாதிரி இருக்கு. உள்ள வாங்க."

போனோம். களைத்துப் போனவர்களுக்கு 'ரெண்டுக்கும் ஆகும்' என்ற சொல்லைப் போல இனிப்பானது வேறு உண்டா என்ன?

கனகா என் கொழுந்தனின் மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. காலையில் இருவரும் தங்கள் மோட்டார் உதிரிபாகக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் வீட்டில் நான், கனகா, எங்கள் மாமனார் – மூன்றே பேர்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக... இடுப்பெலும்பு. மதுரையில் ஆபரேஷன். இப்போது நடு அறையில் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் வாக்கர். தேனி–குமுளி தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வேலை பார்த்த காலமெல்லாம் ஊரை ஏற்றி இறக்கியவர் என்பதால், இப்போது அவரைப் பார்க்க ஊரே வருகிறது.

வருகிறவர்கள் ஆப்பிளும் ரொட்டியும் கொண்டு வருவார்கள். கூடவே ஒரு கேள்வியும் கொண்டு வருவார்கள்.

"சூப்பு குடுக்குறீகளா?"

டாக்டர் சூப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் எலும்பு முறிந்த வீட்டில் டாக்டர் சொன்னதை யார் கேட்கிறார்கள்? சூப்பு கொடுக்கிறீர்களா, இல்லையா? கொடுக்கவில்லை என்றால் மருமகள்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அங்கேயே தீர்ப்பாகிவிடும்.

இந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி தவசி மாமா. மாமனாரின் பழைய சிநேகிதர். போடியில் ஏலக்காய்த் தரகு பார்த்தவர், இப்போது சும்மா இருக்கிறார். தினமும் முற்பகலில் வந்து கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். குக்கரில் வைத்த சூப்பை முதல்நாள் எட்டிப் பார்த்தே தள்ளுபடி செய்தார்.

"விசிலு விட்டா சத்தெல்லாம் ஆவியில போயிரும்த்தா. பெரிய சட்டியா இருக்கணும். நெஞ்செலும்பு நெறையப் போட்டு, தண்ணி ததும்ப ஊத்தி, காலைல ஏத்துனா மத்தியானம் எறக்கணும். அப்பத்தான் எலும்பு ஒட்டும்."

யாருடைய எலும்பு என்று அன்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இது சூப்பின் கதை. ஜாமின் கதை வேறு.

கனகா கம்பம் பக்கத்துப் பெண். அவளுடைய அண்ணனுக்கு அங்கே பன்னீர் திராட்சைத் தோட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கொடியிலேயே பழம் வெடித்துவிடும். வெடித்த குலையை வியாபாரி தொட மாட்டார். இனிப்பில் ஒரு குறையும் இருக்காது, தோலில்தான் ஒரு கீறல். அந்தப் பழத்தை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் ஓடைக்கரையில் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

போன ஐப்பசியில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், வெடித்த பழத்தில் கொஞ்சம் எடுத்து எவர்சில்வர் சட்டியில் ஜாம் காய்ச்சியிருக்கிறாள். அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் அதைச் சாப்பிட்டுப் பார்த்தார். குமுளி போகிற மெயின் ரோட்டில் பேக்கரி வைத்திருப்பவர். சபரிமலை சீசனில் அந்த ரோட்டில் எத்தனை வேன், எத்தனை பஸ் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "கார்த்திகையில இருந்து என் கடைக்குப் போட முடியுமா? வீட்டுப் பக்கம் வந்து ஒரு தடவை பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றாராம்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து கனகாவிடம் யாரும் 'உன்னால் முடியுமா' என்று கேட்டதில்லை. 'செஞ்சிரு' என்றுதான் சொல்லியிருக்கிறோம். அவள் அதை இதுவரை இந்த வார்த்தைகளில் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் பேக்கரிக்காரர் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தை அதே வார்த்தைகளில், அதே வரிசையில் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

அதிகம் காய்ச்ச வேண்டும் என்று வீட்டிலிருந்த பெரிய அலுமினியச் சட்டியில் ஒரு தடவை முயன்றாள். திராட்சைப் புளிப்பு அலுமினியத்தில் பட்டு, நாக்கில் தகர ருசி அடித்தது. நிறமும் மங்கிவிட்டது. ஆக, பெரிய எவர்சில்வர் பாத்திரம் வேண்டும்.

எனக்கும் வேண்டும், அவளுக்கும் வேண்டும். பின்கட்டில் பெரிய பாத்திரம் தாங்குகிற கேஸ் அடுப்பு ஒன்றுதான். பாத்திரம் வைக்க இடமும் ஒன்றுக்குத்தான். இப்படித்தான் இரண்டு பேரும் ஒரே பாத்திரம் வாங்கக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் ஒரு வெண்கல உருளியைக் காட்டினார். காலியாக இருக்கும்போதே இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அடுத்து, அகலமான அடிகனச் சட்டி ஒன்று. கனகாவின் கை அதன் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்தது.

"இதுல எலும்பு முங்காதுக்கா" என்றார் கடைக்காரர் என்னைப் பார்த்து. "தண்ணி சீக்கிரம் வத்திரும். சூப்புக்கு நெட்டையா இருக்கணும்."

நெட்டைப் பாத்திரம் வந்தது. அழகாகத்தான் இருந்தது. இடுப்புயரம் என்று சொன்னால் மிகை, ஆனால் அடுப்பில் ஏற்றினால் கனகாவின் தோளுக்கு வரும். இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி. பளபளப்பு. மூடியும் உண்டு.

"ஜாமுக்கு?" என்றாள் கனகா.

"ஜாமு என்னக்கா ஜாமு... கிண்டுறதுதான? இதுல கிண்டுனா வெளிய தெறிக்காது. ரெண்டுக்கும் ஆகும்."

கனகா அகலச் சட்டியை இன்னொரு முறை பார்த்தாள். கடைக்குள் வெக்கை. மாமனாரைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"மதிக்கா. இதையே எடுப்போம்" என்றாள். கம்பம், கூடலூர்ப் பக்கம் 'போதும்' என்பதற்கு 'மதி' என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சொல்.

"பேரு என்ன வெட்ட?" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் இருப்பது ஒரே பேர்தான். மாமனார் பேர். மெஷின் கிர்ரென்று ஓடி, கைப்பிடிக்குக் கீழே 'வெ. பெருமாள்' என்று எழுதியது.

வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தை மாமனாரிடம் காட்டினோம். அவர் பேரைத் தடவிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் எங்கள் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்கிறீர்களா?

காலையில் கறிக்கடையிலிருந்து நெஞ்செலும்பு. சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், வடுகபட்டிப் பூண்டு. நெட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ததும்ப ஊற்றி ஏற்றினால் கொதிப்பதற்கே பாதிக் காலை போய்விடும். தவசி மாமா வருகிற நேரத்துக்கு முதல் டம்ளர் தயார். 'நான் குடுக்குறேன் குடும்மா' என்று அவரே வாங்கிக்கொள்வார். சிநேகிதனுக்குத் தன் கையால் ஊட்டுகிற மனுஷன்... எனக்குக்கூடக் கொஞ்சம் நெகிழ்ந்தது. டம்ளர் காலியாகத் திரும்பி வரும். இரண்டாவது டம்ளரும் அப்படியே.

மத்தியானம் பாத்திரம் கனகா கைக்குப் போகும். போவதற்கு முன் அதைக் கழுவ வேண்டும். கொழுப்பு படிந்த நெட்டைப் பாத்திரத்தைக் கழுவியவர்களுக்குத்தான் தெரியும், அடிவரை கை எட்டாது. பாத்திரத்தைத் தரையில் படுக்கப்போட்டு, தலையை உள்ளே விட்டுத்தான் தேய்க்க வேண்டும். சீயக்காய், புளி, எலுமிச்சைத் தோல். கழுவுவாள், முகர்ந்து பார்ப்பாள், மறுபடி கழுவுவாள்.

அப்புறம் திராட்சை. வேகவைத்து, மசித்து, தோலும் கொட்டையும் போக வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, கிண்ட வேண்டும். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சாறு வற்றவில்லை. ஏன்? நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே ஏறிய ஆவி பாத்திரத்தின் நெட்டைச் சுவரில் பட்டு, துளித்துளியாக மறுபடி உள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே போக வேண்டியது வெளியே போகவில்லை. நேரம் ஆக ஆகச் சர்க்கரை கறுத்தது. அடியில் பிடித்தது. கரண்டி எட்டாமல் கையை முழங்கை வரை உள்ளே விட்டதில் மணிக்கட்டெல்லாம் ஆவி சுட்ட சிவப்பு.

பன்னீர் திராட்சை ஜாம் ஊதா நிறத்தில் இருக்க வேண்டும். இது புளிக்குழம்பு நிறத்தில் இருந்தது. அதிலும் தேறியதை இரண்டு பாட்டில்களில் அடைத்து, பேக்கரிக்காரர் வந்தால் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருப்போம். பேச மாட்டோம். எதிரே கழுவிக் கவிழ்த்த நெட்டைப் பாத்திரம், மாமனார் பேரோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பேக்கரிக்காரர் சொல்லாமல் ஒருநாள் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை, முற்பகல். கடைக்குச் சாமான் எடுக்கத் தேனிக்கு வந்தவர் அப்படியே வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம்.

ஐப்பசியில் ஜாம் சாப்பிட்டவர், கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டுவிட்டார். சீசன் சரக்கைப் பற்றி ஓயாமல் பேசிய எங்கள் இருவருக்குமே, சீசன் என்றால் மாலை என்பது தோன்றவே இல்லை.

"சாமி சரணம்" என்றார். மாலை போட்டவர்களுக்கு எதிரில் இருப்பவர்களும் சாமிதான், பெண்கள் என்றால் மாளிகைப்புறம். "மாளிகைப்புறம், ஜாமு காச்சுற எடத்தைப் பாத்துட்டுப் போயிருவோம்னு வந்தேன். தப்பா நெனைக்கக் கூடாது."

பின்கட்டு வரை வந்தவர் அங்கேயே நின்றார். அடுப்பில் நெட்டைப் பாத்திரம். மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வாசனைக்கு அறிமுகம் தேவையில்லை.

"இது..." என்றார்.

"எங்க மாமாவுக்கு சூப்பு சாமி. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்காக" என்றேன் நான்.

"பாவம். குடுக்கணும், குடுக்கணும். சரி... ஜாமு காச்சுற பாத்திரம் எங்கன இருக்கு?"

எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. சுவரோரம் கழுவிச் சாய்த்த அந்தப் பழைய அலுமினியச் சட்டியைக் கை காட்டினால் முடிந்தது. கண் அங்கே போயும் விட்டது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் கனகா சொல்லிவிட்டாள்.

"இதேதான் சாமி. காலைல சூப்பு, மத்தியானம் ஜாமு. நடுவுல நல்லாத் தேச்சுக் கழுவிருவேன். புளி போட்டு, எலுமிச்சை போட்டு..."

முடிக்கவில்லை. பேக்கரிக்காரர் பாத்திரத்தைப் பார்த்தார், பிறகு கனகாவின் மணிக்கட்டைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. அது இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான் குறை சொல்லலை" என்றார். "எங்க வீட்டுலயும் மத்த மாசமெல்லாம் கறிதான். ஆனா இப்ப என் கடையில நிக்கிறவக முக்காவாசிப் பேரு மாலை போட்டவக. எங்க செஞ்சது, எதுல செஞ்சதுன்னு கேப்பாக. நானும் கழுத்துல இதப் போட்டுக்கிட்டுப் பொய் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது சாமி."

"தனியா ஒரு பாத்திரம் வச்சீகன்னா சொல்லுங்க. அடுத்த வெள்ளிக்கிழமையும் இங்கிட்டு வருவேன். அதுக்கப்பறம் மலைக்குக் கெளம்பிருவேன். கடைக்கு வேற எடத்துல சரக்குச் சொல்லிட்டுத்தான் போகணும்."

தண்ணீர் கொடுத்தேன். கையைக் கூப்பி வேண்டாம் என்றுவிட்டு, வாசலில் நின்று தன் பாட்டிலிலிருந்து குடித்தார். போய்விட்டார். அவருக்காக எடுத்து வைத்த இரண்டு ஜாம் பாட்டில்களும் ஜன்னல் கட்டையில் அப்படியே இருந்தன.

"இன்னொரு சட்டி வாங்கிருவோம் கனகா."

"வாங்கி? எங்க வைக்கிறது? எதுல ஏத்துறது? அடுப்பு சூப்புக்கே மத்தியானம் வரைக்கும் ஓடுது. அண்ணன் தோட்டத்துல வெடிச்ச பழம் ரெண்டு நாளு நிக்காதுக்கா, ஈ மொய்ச்சிரும்."

"சூப்பைக் கொறைப்போம்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"நீங்க சொல்லலாம். நீங்க எழுதுறவுக, மூத்தவுக. நான் சொன்னா? வர்றவக என்ன பேசுவாக? ஜாமு விக்கிறதுக்காக மாமனாருக்கு சூப்பை நிப்பாட்டுனான்னு பேச மாட்டாக? செத்தாலும் அந்தப் பேரு போகாது. விடுங்கக்கா. ஜாமு வேணாம். பழத்தை ஓடையில கொட்டச் சொல்லிடுறேன்."

அடுப்பை அணைத்தாள். டம்ளரை எடுத்துச் சூப்பை ஊற்றினாள். கண் கலங்கவில்லை. அலுத்துப்போனவர்கள் அழ மாட்டார்கள். அதற்குத் தனியாகத் தெம்பு வேண்டும்.

நடு அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏத்தா... ரெண்டு பேரும் இங்கன வாங்க."

மாமனாரின் கட்டிலுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பஸ் ஓட்டியவருக்குக் காது கூர்மை. இஞ்சின் சத்தத்தோடு கடைசி சீட்டில் நடக்கிற சண்டையையும் கேட்டுப் பழகியவர்.

கனகா டம்ளரோடு போனாள். நான் பின்னால் போனேன். தவசி மாமா அன்று இன்னும் வந்திருக்கவில்லை.

"அந்தக் கருமத்தை அங்கிட்டு வையி" என்றார் மாமனார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எனக்குச் சூப்புன்னாலே ஆகாதுத்தா. அந்தக் கொழுப்பு ஒதட்டுல பெசபெசன்னு ஒட்டுச்சுன்னா கொமட்டிக்கிட்டு வரும். சின்ன வயசுல இருந்தே அப்பிடித்தான்."

"தெனமும் குடிக்கிறீகளே மாமா?" என்றேன்.

"நான் எங்கம்மா குடிச்சேன்? தவசியில்ல குடிக்கிறான்."

"ரெண்டு டம்ளருமா?" என்றாள் கனகா.

"ரெண்டும். வாசல்ல ஆளு வந்தா நான் ஒரு வாயி வச்சுக்கிருவேன், பாக்குறதுக்கு. அவுக அங்கிட்டுப் போனதும் மிச்சம் அவனுக்கு."

"நேத்து உப்பு தூக்கலா இருக்குன்னு சொல்லி விட்டீகளே?"

"தவசி சொன்னான்."

கனகா டம்ளரை ஜன்னலில் வைத்தாள். ரொம்ப நிதானமாக வைத்தாள்.

"ஏன் மாமா, வேணாம்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்லச் சொல்ற? சின்ன டம்ளர்ல வச்சுக் குடுத்தா வேணாங்கலாம். நீங்க இம்புட்டுப் பெரிய சட்டியைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீக. அதுல எம் பேரை வேற வெட்டியாச்சு. பேரு வெட்டுன சட்டியில வர்றதை வேணாம்னு சொல்ற மனுசனா நான்? மருமகளுக இவ்வளவு ஆசைப்பட்டுச் செய்யிறாகளேன்னு இருந்துட்டேன்."

ஆசைப்பட்டு! நாங்கள் அவர் ஆசைப்படுகிறார் என்று செய்தோம். அவர் நாங்கள் ஆசைப்படுகிறோம் என்று வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் சூப்பை உண்மையிலேயே விரும்பிய ஒரே ஜீவன் அந்த வீட்டு ஆளே இல்லை.

நான் எத்தனையோ வருடம் செய்தி மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் வீட்டுக் கதைகளைச் சரிபார்த்திருக்கிறேன். ஒரு தகவல் வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டோம். வீட்டில் மட்டும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் அன்பு குறைந்துபோகும் என்று யாரோ எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் அவரவர் ஊகித்து, அவரவர் அலுத்து, பாத்திரத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம்.

"அந்தச் சாமி என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்றார் மாமனார்.

"தனிப் பாத்திரம் வேணுமாம்."

"நல்ல வேளை, எனக்கும் அதுதான் வேணும். போய் வாங்கிட்டு வாங்க. யாராச்சும் கேட்டா நான் நிப்பாட்டச் சொன்னேன்னு சொல்லுங்க. வேற ஆளு பேச்சைக் கேக்க வேணாம், எம் பேச்சைக் கேட்டாப் போதும்."

அன்று மத்தியானமே கடைக்குப் போனோம். போனோம் என்பது பேருக்குத்தான். நான் வாசலிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கனகா யாரையும் எதையும் கேட்கவில்லை. அகலமான சட்டிகளை வரிசையாகத் தரையில் வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, வெறும் கரண்டியை உள்ளே விட்டுக் கிண்டிப் பார்த்தாள். முழங்கை விளிம்பில் இடிக்கிறதா? கரண்டி அடி மூலை வரை போகிறதா? ஒருத்தியாகத் தூக்கிச் சாய்க்க முடிகிறதா? அடியை விரலால் சுண்டி, கனம் கேட்டாள். கடையில் சாமான் வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

முந்தின தடவை கை வைத்துவிட்டு விட்ட அதே சட்டியில் வந்து நின்றாள்.

கடைக்காரருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. தொழிலும் மறக்கவில்லை.

"இதுல பிரியாணியும் போடலாம்க்கா. ரெண்டுக்கும் ஆகும்."

"வேணாம்ண்ணே" என்றாள் கனகா. "ஒரு வேலைக்கு ஆனா மதி."

"பேரு? அதே பேருதான? வெ. பெருமாள்..."

"இல்ல. கனகா."

மெஷினைக் கையில் எடுத்தவர் நிமிர்ந்தார். "இனிசியலு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்பா பேரின் எழுத்தா, புருஷன் பேரின் எழுத்தா என்று யோசித்திருப்பாள். அல்லது என்ன யோசித்தாளோ...

"எடம் விட்டுட்டு வெறுமன பேரை மட்டும் வெட்டுங்க. பின்னால தேவைப்பட்டாப் பாத்துக்குவோம்."

அண்ணன் அனுப்பிய பழம் மறுநாள் வந்தது. அகலச் சட்டியிலிருந்து ஆவி மேலே ஏறியது, ஏறியது போய்விட்டது. மத்தியானத்துக்குள் சாறு சுருங்கிப் பளபளவென்று ஆனது. ஒரு துளியைத் தட்டில் விட்டுச் சாய்த்தாள். ஓடவில்லை. ஊதா நிறம். தட்டை என் பக்கம் நீட்டினாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரர் வந்தார். சட்டியைப் பார்த்தார், குனிந்து பேரைப் படித்தார்.

"மாளிகைப்புறம் பேரா?"

"ஆமா சாமி."

இந்தத் தடவையும் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கவில்லை. சட்டி மாறினாலும் வீடு அதே கறி சமைக்கிற வீடுதானே. ஆனால் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பாட்டில் எடுத்துக்கொண்டார். "போகுதான்னு பாப்போம். போச்சுன்னா மலைக்குப் போயிட்டு வந்து பேசுவோம்" என்றார். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். அவளும் அப்படிச் சொல்லவில்லை. சாயங்காலம் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தபோது, "அடுத்த தடவை சர்க்கரையைக் கொஞ்சம் கொறைக்கணும்க்கா" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் படியில் ஒரு பேச்சு.

தவசி மாமாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விட மாட்டீர்கள்.

புதுச் சட்டி ஏறிய அன்று வழக்கமான நேரத்துக்கு வந்தார். உட்கார்ந்தார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார்.

"என்னடா பெருமாளு, சூப்பு வாசமே வரலை?"

"நிப்பாட்டிட்டாக."

"அடப் பாவமே. யாரு?"

"டாக்டரு. கொழுப்பு ஏறிருச்சாம்."

"ஒனக்கா?"

"ஒனக்கு" என்றார் மாமனார்.

அன்று கனகா அவருக்கு ஒரு துண்டு ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, எலும்புக்குத் திராட்சை ரொம்ப நல்லது என்று தீர்ப்புச் சொன்னார்.

நெட்டைப் பாத்திரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதில் அரிசி கொட்டி வைத்திருக்கிறோம். மாமனார் பேர் வெட்டிய பாத்திரம்... இப்போது அதிலிருந்து வருவதை அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.